காலி பக்கெட்டும் இடம் மாறிய மூன்று எழுத்துகளும்: ஒரு முழுப்பக்க மன்னிப்பு விளம்பரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

2018 பிப்ரவரி 23, வெள்ளிக்கிழமை. பிரிட்டனில் அன்று காலை ‘தி சன்’, ‘மெட்ரோ’ ஆகிய இரண்டு நாளிதழ்களைப் பிரித்தவர்கள் ஒரு பக்கம் முழுவதும் சிவப்பாக இருப்பதைப் பார்த்தார்கள். அந்தச் சிவப்பின் நடுவில், கே.எஃப்.சி. நிறுவனம் பொரித்த கோழியைப் போட்டுத் தரும் காகித பக்கெட் ஒன்று இருந்தது. பக்கெட் காலி. பொரித்த மாவுத் துகள்கள் மட்டும் அதைச் சுற்றிச் சிதறிக் கிடந்தன. கடையின் நிறுவனர் கர்னல் சாண்டர்ஸின் முகம் எப்போதும்போல அதில் அச்சாகியிருந்தது. ஆனால் முகத்தோடு வர வேண்டிய மூன்று எழுத்துகள் மட்டும் இடம் மாறியிருந்தன. கே, எஃப், சி என்று இருக்க வேண்டியது எஃப், சி, கே என்று இருந்தது. அதன் கீழே, வெள்ளை எழுத்தில், சில வரிகளில் ஒரு மன்னிப்பு.

நாளிதழ் விளம்பரம் எப்போது படைப்பாகிறது, அந்தப் படைப்பு எப்போது பயன் தருகிறது என்ற கேள்விக்கு இந்த ஒரு பக்கத்தைப்போல் தெளிவாக விடை சொல்லும் பக்கம் அண்மைக் காலத்தில் வேறொன்று வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதைப் பாராட்டியவர்களில் பெரும்பாலோர் எழுத்து மாற்றத்தை மட்டுமே பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு பாதிதான் சரி. எழுத்து மாற்றத்தைத் தாங்கி நின்றது அதன் கீழே இருந்த வாசகம், வாசகத்தைப் படிக்க வைத்தது எழுத்து மாற்றம். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது விழுந்துவிடும் என்பதே இந்த ஆய்வில் நான் காட்ட விரும்புவது.

கோழி வராத நாட்கள்

கே.எஃப்.சி. பிரிட்டனுக்கு 1965-இல் வந்தது. லங்காஷயர் மாவட்டத்தின் பிரெஸ்டன் நகரில் முதல் கடை திறக்கப்பட்டது. 2018-இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஏறத்தாழ 900 கடைகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை உரிமம் பெற்ற தனி முதலாளிகளால் நடத்தப்பட்டவை. உறைய வைத்த கோழியை வாங்கி அடுக்கிவைக்காமல், புதிய கோழியை அவ்வப்போது வரவழைத்துக் கடையிலேயே மாவில் புரட்டிப் பொரிப்பதாக நிறுவனம் பெருமையோடு சொல்லி வந்தது. விளம்பரத்தில் சொல்லிக்கொள்ள அது நல்ல செய்திதான், ஆனால் சரக்கு லாரி 2 நாள் வராவிட்டால் கடையைச் சாத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்பதும் அதே செய்தியின் மறுபக்கம்.

அதுவரை சரக்குப் போக்குவரத்தைக் கவனித்து வந்தது பிட்வெஸ்ட் என்ற நிறுவனம். செலவைக் குறைக்கவும் முறையைப் புதுப்பிக்கவும் அந்த ஒப்பந்தத்தை டி.எச்.எல். நிறுவனத்துக்கு மாற்றினார்கள். புதிய ஏற்பாடு பிப்ரவரி 14 அன்று தொடங்கியது. பழைய நிறுவனம் 6 கிடங்குகளிலிருந்து சரக்கு அனுப்பியது. புதிய நிறுவனமோ இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ரக்பி நகரின் ஒரே கிடங்கை நம்பியிருந்தது. இப்படிச் செய்தால் சிக்கல் வரும் என்று ஜி.எம்.பி. தொழிற்சங்கம் முன்பே எச்சரித்திருந்தது. தொடக்க நாளன்றே ரக்பிக்கு அருகில் எம்6 நெடுஞ்சாலையில் விபத்துகள் நடந்து சாலை அடைபட, கிடங்கிலிருந்து கிளம்ப வேண்டிய லாரிகள் நின்றுபோயின. அதன்பின் ஒரு நாள் தாமதம் மறுநாளின் தாமதத்தோடு சேர்ந்துகொண்டே போயிற்று. அந்த வார இறுதியிலும் அடுத்த திங்களன்றும் பாதிக்கும் மேற்பட்ட கடைகள் மூடிக் கிடந்தன.

கோழிக் கடையில் கோழி இல்லை என்பது நாடு முழுக்கச் சிரிப்புக்குரிய செய்தியாயிற்று. லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதிக் காவல்துறை, பிடித்த கடையில் பிடித்த உணவு கிடைக்கவில்லை என்பது காவல்துறை விவகாரம் இல்லை, தயவுசெய்து எங்களைத் தொடர்பு கொள்ளாதீர்கள் என்று ட்விட்டரில் எழுத வேண்டியதாயிற்று. தொலைவிலிருந்து வண்டி ஓட்டி வந்து மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்களுக்கோ, அந்த வாரச் சம்பளம் எவ்வளவு வரும் என்று தெரியாமல் நின்ற கடை ஊழியர்களுக்கோ அது சிரிப்பாக இருந்திருக்க முடியாது. இந்த இரண்டு மனநிலைகளும் ஒரே நாட்டில் ஒரே வாரத்தில் இருந்தன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். சிரிப்பவரோடு சேர்ந்து சிரித்தால் ஏமாந்தவர் இன்னும் கோபப்படுவார். ஏமாந்தவரிடம் முகத்தை இறுக்கிக்கொண்டு பேசினால் சிரிப்பவர் அந்த முகத்தையும் சேர்த்துக் கேலி செய்வார்.

நிறுவனம் முதலில் ட்விட்டரில் பேசியது. கோழி ஏன் சாலையைக் கடந்தது என்பது ஆங்கிலம் பேசும் வீடுகளில் குழந்தைகள் எல்லோரும் அறிந்த பழைய விடுகதை. கோழி சாலையைக் கடந்துவிட்டது, ஆனால் எங்கள் கடைக்கு மட்டும் வரவில்லை என்று அந்த விடுகதையைத் திருப்பிப்போட்டு எழுதினார்கள். கூடவே, புதிய போக்குவரத்துப் பங்குதாரருக்குத் தொடக்கக் காலச் சிக்கல்கள் சில ஏற்பட்டிருக்கின்றன என்றும் சொன்னார்கள். சுவையான பதில்தான். ஆனால் குற்றத்தை அது இன்னொருவர் தோளில் இறக்கிவைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நாளிதழில் வந்த பக்கம் அந்தத் தவறைச் செய்யவில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

படம் செய்த வேலை

விளம்பரத்தை உருவாக்கியது லண்டனில் உள்ள ‘மதர்’ என்ற விளம்பர நிறுவனம். 2017-இல்தான் இந்த வாடிக்கையாளர் அவர்களிடம் வந்திருந்தார். அந்த ஆண்டு அவர்கள் எடுத்த தொலைக்காட்சி விளம்பரத்தில் உயிருள்ள கோழி ஒன்று ராப் பாட்டுக்கு ஆடி நடந்தது. அதைப் பற்றி பிரிட்டனின் விளம்பரத் தரநிலை ஆணையத்துக்கு 755 புகார்கள் போயின. அந்த ஆண்டில் மிக அதிகமான புகார்களைப் பெற்ற விளம்பரம் அதுதான். ஆகவே கே.எஃப்.சி. கொஞ்சம் துடுக்காகப் பேசும் கடை என்பது பிரிட்டன் வாசகருக்குப் பழகிப்போன விஷயம். வழக்கமாக விறைப்பாகப் பேசும் ஒரு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ இதே எழுத்து மாற்றத்தைச் செய்திருந்தால், அதிர்ச்சி கொடுக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் வாசகர் நினைத்திருப்பார். யார் வாயிலிருந்து வருகிறது என்பதும் ஒரு சொல்லின் பொருளில் சேரும்.

அந்த மூன்று எழுத்துகள் ஆங்கிலத்தில் எல்லோரும் அறிந்த, அச்சில் முழுதாகப் போடத் தயங்கும் ஒரு வசைச்சொல்லில் நடு உயிரெழுத்தை நீக்கிய வடிவம். காரியம் கெட்டுப்போனதைக் கண்ட கணத்தில் ஆங்கிலேயர் வாயிலிருந்து தானாக வரும் சொல் அது. நிறுவனம் அந்தச் சொல்லை எங்கும் எழுதவில்லை. தன் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி வைத்ததோடு நின்றுகொண்டது. விட்டுப்போன எழுத்தைப் போட்டுப் படித்தவர் வாசகரே. ‘தி சன்’ போன்ற இதழ்கள் வசைச்சொற்களை முதல் எழுத்தும் நட்சத்திரக் குறிகளுமாக அச்சிடுவது வழக்கம் என்பதால், அதன் வாசகருக்கு அரைகுறையாக நிற்கும் சொல்லை நிரப்பிப் படிப்பது அன்றாடப் பழக்கம். அந்தப் பழக்கத்தின் மேல்தான் இந்தப் படம் ஏறி நின்றது.

தமிழில் இதை அப்படியே செய்ய முடியாது. நம் எழுத்தில் மெய்யும் உயிரும் ஒட்டியே நிற்கும். உயிரைக் கழற்றிவிட்டு மெய்யை மட்டும் வைத்து ஒரு சொல்லைச் சுட்டுவது கண்ணுக்கு இயல்பாக வராது. நல்ல விளம்பரம் தன் மொழியின் எழுத்து முறையையே கருவியாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தின் வெற்றியைப் பார்த்து வேறு மொழியில் அதைப் படியெடுக்க முயல்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியதும் இதைத்தான்.

எழுத்து மாற்றத்தைவிட ஒரு பிடி மேலாக நான் மதிப்பது வேறொன்று. நிறுவனம் இங்கே விளையாடியது தன் சொந்தப் பெயரோடு. பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கான பணம் கொட்டி நிலைநாட்டிய மூன்று எழுத்துகளை, எந்த வண்ணத்தில் எந்த இடைவெளியில் போட வேண்டும் என்று கையேடு வைத்துக் காத்து வரும் எழுத்துகளை, தானே கலைத்துக் காட்டியது. அதுவும் வழக்கமான அதே எழுத்துருவில், அதே இடத்தில், அதே பக்கெட்டின் மேல். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். கிட்டப் போனால்தான் கோளாறு தெரியும். தலையைக் குனிவது என்பதற்கு அச்சில் இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைப்பது அரிது. பக்கெட் காலியாக இருந்ததும் அப்படித்தான். உணவு விளம்பரம் என்றால் பளபளக்கும் பொரித்த துண்டும் ஆவியும் கட்டாயம் என்று நினைக்கும் தொழிலில், விற்கும் பொருளே இல்லாத படத்தை முழுப்பக்கம் போட்டார்கள். கடையில் நடந்தது அதுதான், எனவே படமும் உண்மையாக இருந்தது.

வெற்றிடத்தைப் பற்றி ஒரு சொல். நாளிதழ் விளம்பரத்துக்கு நம் ஊரில் சதுர சென்டிமீட்டர் கணக்கில்தான் பணம். நான் விளம்பரப் பக்கங்களோடு புழங்கிய காலத்தில் ஒரு மாவட்டத் தலைநகரின் நகைக்கடை உரிமையாளரிடம் கால் பக்க விளம்பரத்தின் மாதிரியைக் காட்டினேன். ஒரே ஒரு தோடு, நான்கு சொற்கள், மீதி வெறும் இடம். நெடுநேரம் பார்த்துவிட்டு, “தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு இடம் சும்மா கெடக்குதே, காசு குடுத்திருக்கோம்ல? நம்ம மூணு கிளை விலாசத்தையும் அப்பா போட்டோவையும் போட்டுடுங்க” என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அந்த இடத்துக்கு அவர்தான் பணம் தருகிறார். ஆனால் அச்சாகி வந்தபோது தோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. நாளிதழ்ப் பக்கத்தில் சுற்றிலும் எல்லாமே நெருக்கமான எழுத்து. அங்கே கண்ணை நிறுத்துவது எழுத்து இல்லாத இடம்தான். அந்தச் சிவப்புப் பக்கத்தில் வெறும் சிவப்பாக விடப்பட்ட இடமும் விலை கொடுத்து வாங்கியதே, பக்கெட்டின் தனிமையைக் காட்டியதும் அதே இடம்தான்.

வாசகம் செய்த வேலை

படம் கண்ணை நிறுத்தியது. நின்ற கண்ணுக்குக் கீழே என்ன கிடைத்தது என்பதில்தான் விளம்பரத்தின் பயன் அடங்கியிருந்தது. பெரிய எழுத்தில் ‘மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்ற பொருளில் இரண்டே சொற்கள். அதன்பின் வந்தவற்றைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: கோழி விற்கும் கடையில் கோழியே இல்லை, இப்படி இருக்கக் கூடாதுதான். வாடிக்கையாளர்களிடம், குறிப்பாகத் தொலைவிலிருந்து வந்து கடை மூடியிருக்கக் கண்டவர்களிடம், பெரும் மன்னிப்புக் கேட்கிறோம். நிலைமையைச் சரிசெய்ய ஓயாமல் உழைக்கும் எங்கள் ஊழியர்களுக்கும் கடை நடத்தும் பங்காளிகளுக்கும் முடிவில்லாத நன்றி. இந்த வாரம் படாத பாடு பட்டுவிட்டோம். ஆனாலும் முன்னேறி வருகிறோம், நாளுக்கு நாள் இன்னும் அதிகமான புதிய கோழி கடைகளுக்குப் போய்ச் சேர்கிறது. பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. கடைசியில், அவரவர் ஊர்க் கடை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஓர் இணைய முகவரி.

வாசகத்தின் முதல் வரி ஊரார் ஒரு வாரமாகச் சொல்லிச் சிரித்த கேலியைத்தான் தானும் சொல்கிறது. எதிரில் இருப்பவர் சொல்லப் போவதை நாமே முந்திச் சொல்லிவிட்டால் அவர் கையில் கல் இல்லாமல் போய்விடும். ‘இப்படி இருக்கக் கூடாதுதான்’ என்று நான் எழுதிய வரி ஆங்கிலத்தில் இன்னும் அடங்கிய குரலில் இருக்கிறது; பெரிய தவறைச் சின்னச் சொல்லால் சொல்வது பிரிட்டன்காரர்களின் பேச்சு மரபு. மேலே படத்தில் கத்தியாயிற்று, கீழே குரலைத் தாழ்த்திக்கொண்டது. இரண்டிலுமே கத்தியிருந்தால் கோமாளித்தனமாகியிருக்கும்.

அடுத்த வரியில் உள்ள ‘தொலைவிலிருந்து வந்து’ என்ற சொற்றொடரை நான் மிகவும் மதிக்கிறேன். மன்னிப்பு அறிவிப்புகளில் வழக்கமாக வருவது ‘ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்ற தேய்ந்த வாக்கியம். யாருக்கு என்ன சிரமம் என்பது அதில் இருக்காது, ஆகவே யாரும் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே ஏமாந்தவர்களுக்குள்ளும் அதிகம் ஏமாந்தவரைத் தேடிப்பிடித்துப் பேசுகிறார்கள். வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் மூடிய கதவின் முன் நின்ற ஒருவர் அந்த வரியைப் படிக்கும்போது, நான் பட்ட பாட்டை இவர்கள் கண்டிருக்கிறார்கள் என்று உணர்வார்.

ஊழியர்களுக்கு நன்றி சொன்ன வரியும் அலங்காரத்துக்கு வைத்ததாக எனக்குப் படவில்லை. அந்த வாரம் கடை வாசலில் நின்று வாடிக்கையாளரின் கோபத்தை வாங்கியவர்கள் அவர்கள்தான். அவர்களும் அன்று காலை ரயிலில் ‘மெட்ரோ’ படிப்பவர்கள். பல லட்சம் பேர் பார்க்கும் பக்கத்தில், கெட்டுப்போனது மேலே உள்ளவர்களின் ஏற்பாடு, உழைத்துச் சரிசெய்பவர்கள் நீங்கள் என்று எழுதினால், அடுத்த நாள் கடைக்கு வரும் வாடிக்கையாளர் அந்த ஊழியரிடம் பேசும் தொனியே மாறும். நாளிதழ் விளம்பரம் ஒரே நேரத்தில் பல காதுகளில் விழுகிறது என்பதை அதை எழுதியவர்கள் மறக்கவில்லை.

சொல்லாமல் விட்டதிலும் கவனம் இருந்தது. டி.எச்.எல். என்ற பெயர் இல்லை. நெடுஞ்சாலை விபத்து இல்லை. தள்ளுபடிச் சீட்டு இல்லை, புதிய உணவுவகை பற்றிய அறிமுகம் இல்லை, எல்லாம் இந்தத் தேதிக்குள் சரியாகிவிடும் என்ற வாக்குறுதியும் இல்லை. அன்று உண்மையாகச் சொல்ல முடிந்தது நிலைமை முன்னேறுகிறது என்பது மட்டும்தான்; அதை மட்டும் சொல்லி நிறுத்தினார்கள்.

நாளிதழில் ஏன்

ஏற்கனவே ட்விட்டரில் பேசியாயிற்று, பிறகு எதற்குப் பணம் கொடுத்து அச்சில் வர வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. எழுதியதை அழித்துவிடக்கூடிய இடத்தில் கேட்கும் மன்னிப்புக்கும், தேதி போட்டு லட்சக்கணக்கான படிகளில் அச்சாகிவிட்ட மன்னிப்புக்கும் எடை வேறு. ஊரைக் கூட்டிச் செய்த தவறுக்கு ஊரைக் கூட்டித்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது நம் பஞ்சாயத்து நியாயமும்கூட. மேலும் அந்த வாரம் முழுவதும் இந்தக் கதையை நாட்டுக்குச் சொன்னவை நாளிதழ்கள். முதல் நாள் கேலிச் செய்தியைப் படித்த அதே கை, அதே தாளில், நிறுவனத்தின் பதிலையும் புரட்டியது. செய்திக்கும் விளம்பரத்துக்கும் இடையே இப்படி ஒரு பேச்சு நடப்பது நாளிதழில்தான் எளிது.

இதழ்களைத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு தெரிகிறது. பெருந்தாள் அளவில் வரும் கனமான இதழ் எதிலும் அவர்கள் போகவில்லை. ‘மெட்ரோ’ வேலை நாட்களில் ரயில், பேருந்து நிலையங்களில் இலவசமாகக் கிடைப்பது. படித்தவர் இருக்கையிலேயே விட்டுப்போக அடுத்தவர் எடுத்துப் படிப்பார். ‘தி சன்’ கடையில் விற்கும் ஜனரஞ்சக இதழ். அப்போது இரண்டும் தலா ஏறத்தாழ 15 லட்சம் படிகள் அச்சாகிக்கொண்டிருந்தன. பொரித்த கோழி வாங்குபவர் காலையில் எதைக் கையில் வைத்திருப்பார் என்று யோசித்தவர்களின் தேர்வு அது. இரண்டுமே சிறுதாள் (டேப்லாய்டு) அளவிலானவை; ஒரு பக்கம் முழுவதும் ஒரே பார்வையில் விழும், மடித்துப் பிடிக்கத் தேவையில்லை. நடுவில் ஒரு பொருளை வைத்துச் சுற்றிலும் காலியாக விடும் வடிவமைப்புக்கு அந்த அளவு பொருந்தி வந்தது.

அந்தப் பக்கம் இதழோடு நிற்கவுமில்லை. பார்த்தவர்கள் கைப்பேசியில் படம் பிடித்துப் பகிர்ந்தார்கள். பிற நாட்டு இதழ்களும் தொலைக்காட்சிகளும் அதைச் செய்தியாக்கின. பகிரப்பட்டது பெரும்பாலும் மடிப்பும் தாளின் நிறமுமாக ஓர் அச்சுப் பக்கத்தின் படம் என்பதைக் கவனிக்க வேண்டும். உண்மையிலேயே நாளிதழில் போட்டுவிட்டார்கள் என்ற வியப்புதான் பகிர வைத்தது. இதே படத்தை இணையத்தில் மட்டும் வெளியிட்டிருந்தால், யாரோ ஒருவர் கேலிக்குச் செய்த ஒட்டுவேலை என்று பலர் கடந்து போயிருப்பார்கள்.

வேறு சில பக்கங்கள்

பிரிட்டனில் முழுப்பக்க மன்னிப்பு என்பது ஒரு பழகிய வடிவம். 2011 ஜூலை 16 அன்று, தன் இதழ் ஒன்று செய்த தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஊழலுக்காக, இதழ் அதிபர் ரூபர்ட் மர்டாக்கின் கையெழுத்தோடு ‘நாங்கள் வருந்துகிறோம்’ என்ற தலைப்பில் அந்நாட்டின் தேசிய நாளிதழ்களில் விளம்பரம் வந்தது. 2013 ஜனவரியில் மாட்டிறைச்சி பர்கரில் குதிரை இறைச்சி கலந்திருந்தது தெரியவந்தபோது டெஸ்கோ நிறுவனம் முழுப்பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. கோழிப் பக்கம் வந்து ஒரு மாதம் கழித்து, 2018 மார்ச் 25 அன்று, பயனர்களின் தகவல்கள் கைமாறிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்துக்காக மார்க் ஸக்கர்பர்க் கையெழுத்திட்ட ஃபேஸ்புக் விளம்பரம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வந்தது. மூன்றிலும் எழுத்து மட்டும்தான், படம் கிடையாது. அவற்றில் நகைச்சுவை இல்லாததைக் குறையாகச் சொல்ல மாட்டேன். கொலையுண்ட சிறுமியின் தொலைபேசியில் புகுந்து கேட்ட குற்றத்துக்கு எழுத்து விளையாட்டோடு மன்னிப்புக் கேட்டிருந்தால் அது அருவருப்பாக இருந்திருக்கும். உணவில் கலப்படம் என்பதும் சிரித்துப் போகக்கூடியதில்லை. கோழி வராமல் போனதில் யாருக்கும் உடல் கெடவில்லை, யாருடைய அந்தரங்கமும் களவு போகவில்லை. பசியோடு திரும்பினார்கள், அவ்வளவுதான். தவறின் அளவை அளந்து அதற்குத் தக்க குரலை எடுத்ததுதான் அந்த விளம்பர நிறுவனத்தின் முதல் திறமை. எழுத்து மாற்றம் அதற்கு அடுத்தது.

வடிவப் புதுமை மட்டும் போதுமா என்பதற்கு நம் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2010 செப்டம்பர் 21 அன்று ‘தி இந்து’ ஆங்கில நாளிதழையும் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வையும் பிரித்தவர்களுக்கு அந்தத் தாளே பேசியது நினைவிருக்கும். ஒளி பட்டதும் இயங்கும் சிறிய ஒலிக்கருவியைப் பக்கத்தில் ஒட்டி, ஃபோக்ஸ்வேகன் தன் வென்டோ காரை அறிமுகப்படுத்தியது. வியப்பான முயற்சி, அதைச் செய்து முடித்த உழைப்பு சாதாரணமானதில்லை. ஆனால் அந்தக் காலையை நினைவுகூர்பவர்கள் பேப்பர் பேசியது என்பார்கள். கார் என்ன சொல்லிற்று என்று கேட்டால் யோசிப்பார்கள். தாள் பேசுவதற்கும் அந்தக் காரின் சிறப்புக்கும் இயல்பான தொடர்பு இல்லை என்பதே காரணம் என்று கருதுகிறேன். காலி பக்கெட்டை நினைவில் வைத்திருப்பவரால் என்ன நடந்தது என்பதை மறக்க முடியாது. படமும் செய்தியும் அங்கே ஒன்றே.

பெரிய பக்கமும் பெரிய பணமும்கூடத் தேவையில்லை என்பதற்கு 1975 ஜூன் 28 அன்று பம்பாய் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் வந்த இரங்கல் வரி விளம்பரம் சான்று. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுத் தணிக்கை நடைமுறைக்கு வந்திருந்த நேரம். ஜனநாயகம் என்ற ஆங்கிலச் சொல்லைத் துண்டாக்கி ஒரு மனிதரின் பெயர்போல் எழுதி, உண்மை என்ற பொருள்படும் பெயருடைய மனைவியின் கணவர், சுதந்திரம் என்று ஒலிக்கும் பெயருடையவரின் தந்தை, நம்பிக்கை, நீதி முதலியோரின் சகோதரர் ஜூன் 26 அன்று காலமானார் என்று அந்த விளம்பரம் அறிவித்தது. நாள்தோறும் பல பெயர்கள் வரும் பத்தியில் இன்னொரு பெயராக அது போய் உட்கார்ந்துகொண்டது. கே.எஃப்.சி. பக்கத்துக்கும் இதற்கும் நோக்கத்தில் ஒப்பில்லை, ஆனால் கைவேலை ஒன்றே: எழுத்துகளைக் கலைத்துவைத்து, சேர்த்துப் படிக்கும் வேலையை வாசகரிடம் விடுவது. தானே சேர்த்துப் படித்ததை வாசகர் எளிதில் மறப்பதில்லை.

விளம்பரத்துக்குப் பின்

2018 ஜூனில் பிரான்சின் கான் நகரில் நடந்த விளம்பரத் திருவிழாவில் இந்தப் பக்கம் அச்சுப் பிரிவில் தங்கச் சிங்க விருது பெற்றது. விருது தொழில் செய்பவர்கள் தமக்குள் கொடுத்துக்கொள்வது. அதைப் பயனுக்கு அளவாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது பேச்சு மாறியதுதான். வியாழக்கிழமை வரை கோழி இல்லாத கோழிக்கடை என்று சொல்லிச் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, எவ்வளவு நன்றாக மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பு அதேதான், அது நிற்கும் இடம் மாறிவிட்டது. இன்று அந்தத் தட்டுப்பாட்டைப் பற்றி எழுதும் எவரும் சிவப்புப் பக்கத்தைச் சொல்லாமல் முடிப்பதில்லை.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கம் ஒரு கோழியைக்கூட எந்தக் கடைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. லாரிகள் ஓடத் தொடங்கியிருந்ததால்தான் முன்னேறி வருகிறோம் என்ற வரி உண்மையாக நின்றது. மேலும் ஒரு மாதம் கடைகள் மூடியே கிடந்திருந்தால் அதே பக்கத்தை எடுத்துக் காட்டியே கேலி செய்திருப்பார்கள். இரண்டாவது முறை பயன்படுத்தக்கூடிய உத்தியும் இல்லை இது. அடுத்த வாரமே சில கடைகளில் கிரேவி தட்டுப்பாடு வந்தபோது, நல்லவேளையாக, எழுத்துகளை மறுபடி கலைத்துப் போடலாம் என்று யாரும் எண்ணவில்லை.

மார்ச் மாதத்தில், பிரிட்டனின் வடபகுதியிலுள்ள 350 கடைகள் வரைக்கும் சரக்கு அனுப்பும் பொறுப்பைக் கே.எஃப்.சி. பழைய பிட்வெஸ்ட் நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்தது. மற்ற கடைகளுக்கு டி.எச்.எல். தொடர்ந்தது. பிப்ரவரி 17 அன்று ட்விட்டரில், புதிய பங்குதாரருக்குத் தொடக்கச் சிக்கல் என்று எழுதியதை அப்போது எடுத்துப் படித்தால் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். ஒரு வாரம் கழித்து அச்சில் வந்த பக்கத்தில் அந்தச் சங்கடத்துக்கு இடமில்லை. அதில் எவர் மீதும் பழி போட்டிருக்கவில்லை என்பதால் திரும்பப் பெற வேண்டிய வரி ஒன்றும் அதில் இல்லை.